வெறும் வயிற்றில் ஒரு குளிசை

— எழுத வேண்டாம் டொக்டர். முதல் பேனையைக் கீழ வையுங்கோ. பேந்து கதைப்பம்.

— பேனா மூடிதானுங்க இருக்குது. பாருங்க, மூடியைக்கூடக் கழட்டலை.

— நான் முதல் சொன்னதைத்தான் இப்பவும் சொல்லுவன். அண்டைக்கு நான் ஒண்டும் சாப்பிடேல்லை. முதல்நாள் இரவே வாயைக் கட்டினனான். காலமை குளிசை தந்தவை. விழுங்கினனான். படுத்தனான். அவ்வளவுதான்.

— சரிங்க. ஆரூரன்தானுங்களே உங்க பேரு? நான் போலீஸ் இல்லீங்க தம்பி. இப்படி நாற்காலி நுனியில உக்காராதீங்க, நல்லாச் சாஞ்சு உக்காருங்க.

— இந்தக் கதிரையில இப்பிடி இருக்கிறதுதான் எனக்குச் சுகம். நீங்கள் கேக்கிறதைக் கேளுங்கோ.

— முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். பேரு வேதவல்லி. மல்கிரேவ்ல ஒரு மருந்துக் கம்பெனியில வேலை. போன மாசம் இந்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு ஒரு மாத்திரை முழுங்கினீங்களே, வயித்துப் புண்ணு மாத்திரை, அதை முதமுதலா ஒரு கண்ணாடிக் குடுவையில செஞ்சவ நானு.

— அப்ப நீங்கள் டொக்டர் இல்லையோ?

— டாக்டர்தான். ஆனா ஊசி போடற டாக்டர் இல்லை, கெமிஸ்ட்ரி டாக்டர். என்கிட்ட வயித்து வலின்னு யாராச்சும் வந்தா நானே பயந்துருவேன்.

— உங்களை ஆர் அனுப்பினது? இங்கிலீசில கேட்டுச் சரிவராட்டி, தமிழ் ஆளை விட்டுக் கேக்கிறது. உந்த வித்தையெல்லாம் நான் கண்டனான்.

— யாரும் அனுப்பலீங்க. நானாக் கேட்டு வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர் ஒருத்தர் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு உக்காந்திருக்காரில்ல, அவருதான் இந்தச் சோதனைக்குப் பொறுப்பான டாக்டர். அவருகிட்ட அனுமதி வாங்கி, நீங்களும் சரின்னு சொன்ன பொறவுதான் இந்த ரூமுக்குள்ள வந்தேன்.

— ஃபொலோ-அப் எண்டுதானே போனில சொன்னவை. இரத்தம் எடுப்பினம் எண்டு நினைச்சுச் சேட்டுக் கையை மடிச்சுக்கொண்டு வந்தனான்.

— ரத்தம் வேண்டாம். இந்தப் படத்தை மட்டும் ஒரு தடவை பாத்துருங்க. அன்னைக்கு உங்க மூக்கு வழியா ஒரு குழாய் விட்டாங்களே...

— மறக்கேலுமே! நானும் பக்கத்துக் கட்டில்காரரும் தும்மக்கூட ஏலாமல் கிடந்தனாங்கள்.

— அந்தக் குழாயோட நுனி உங்க வயித்துக்குள்ள உக்காந்துக்கிட்டு, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆசிட்டை அளந்துக்கிட்டே இருந்துச்சு. கோடு மேல போனா ஆசிட் கம்மி. கீழ கெடந்தா ஆசிட் ஜாஸ்தி. இதெல்லாம் உங்களோட அதே மருந்தை முழுங்கினவங்க கோடு.

— எல்லாம் நிலத்தோட ஒட்டிக்கிடக்குது.

— ஆமாங்க. பச்சைத் தண்ணி குடிச்ச மாதிரி. மருந்து ஒண்ணுமே பண்ணலை. இப்ப இந்தச் செவப்புக் கோட்டைப் பாருங்க.

— இது ஏறிப்போய் மேலயே நிக்குதே.

— பகல் பூரா நிக்குது. ராத்திரியும் எறங்கலை. அது நீங்க.

— அப்ப மிசின் பிழை.

— கழட்டிப் பாத்தாச்சு.

— அப்ப என்ர வயிறு பிழை.

— அதையும் பாத்தாச்சுங்க. முந்தின நாள் மருந்து குடுக்காம அளந்தப்ப உங்க வயிறும் மத்தவங்க மாதிரியேதான் இருந்துச்சு. எங்க ஆபீஸ்ல எல்லாரும் என்ன சொல்லிட்டாங்கன்னா, ஒரு கோடு தறிகெட்டுப் போச்சு, அதைத் தூக்கிப் போட்டுட்டு மீதியைப் பாருங்கன்னுட்டாங்க. மீதியைப் பாத்தா மருந்து செத்துப் போச்சு. நாளைக்குக் காலையில மீட்டிங். வேலை செய்யாத மருந்துன்னு இழுத்து மூடிருவாங்க.

— மூடினால் உங்களுக்கு வேலை போயிடுமோ?

— வேலை வேற கெடைக்குங்க. இந்த மருந்து வேற கெடைக்காது. இதை ஆரம்பிச்சப்ப என் பொண்ணு பிரைமரி ஸ்கூல் போயிட்டிருந்தா. இப்ப அவ எனக்குக் கார் ஓட்டச் சொல்லித் தர்றா. அதனாலதான் தம்பி கேக்கறேன். கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க. மாத்திரை முழுங்கி ஒரு அரை மணி நேரம் கழிச்சு, இந்தக் கோடு குட்டியா ஒரு குதி குதிச்சுட்டு மறுபடி கீழ வந்துருச்சு. அதுக்கப்புறம்தான் பெரிய ஏத்தம். அந்தக் குட்டிக் குதி என்ன?

— எனக்குத் தெரியாது. இருமியிருப்பன்.

— இருமுனா இப்படி வராது. வயித்துக்குள்ள ஏதாச்சும் போய் விழுந்தாத்தான் வரும்.

— நான் ஒண்டும் சாப்பிடேல்லை எண்டு சைன் வைச்சுக் குடுத்தனான்.

— தெரியுமுங்க.

— சைன் வைச்சால் சைன்தான். நான் கதையை மாத்துற ஆள் இல்லை.

— யாருங்க மாத்தச் சொன்னது? நான் சும்மாக் கேக்கறேன்...

— ஆரும் சும்மாக் கேக்கிறேல்லை அக்கா. சொறி, டொக்டர்.

— அக்கான்னே கூப்பிடுங்க. அதுதான் காதுக்கு நல்லாருக்கு.

— எக்ஸ்கியூஸ் மீ. இஞ்சேரப்பா, கார் நிப்பாட்டின இடத்தில நேரம் முடியப்போகுது. இன்னும் எவ்வளவு நேரம் எடுப்பினம்?

— மேனுகா, நீர் வெளியில இரும். இப்ப முடிஞ்சிடும்.

— வாங்கம்மா, உள்ள வாங்க. இவரு வீட்டுக்காரங்களா?

— ஓம், மனுசிதான். நீங்கள் தமிழே? நான் வெளியில இருந்து குரலைக் கேட்டிட்டு, ஆரோ எங்கட ஆக்கள் மாதிரிக் கிடக்கு எண்டு நினைச்சனான். அப்பாடா. இவருக்கு ஏதும் நோய் வருத்தமோ எண்டு எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. ஒண்டுமில்லைத்தானே?

— ஒண்ணும் இல்லீங்க, ஆளு நல்லா இருக்காரு. நான் வேதவல்லி, அந்த மாத்திரையைச் செஞ்ச ஆளு. அன்னைக்கு வெறும் வயித்துலதான் மாத்திரை முழுங்கினேன்னு சொல்லிட்டிருக்காரு.

— வெறும் வயித்திலையோ? கடவுளே, நான் விடுவனே! எள்ளுருண்டை பிடிச்சு, சொக்ஸுக்குள்ள சுத்தி, உடுப்புப் பையின்ர அடியில வைச்சுவிட்டனான்.

— மேனுகா!

— என்ன மேனுகா? உண்மையைத்தானே சொல்லுறன். எங்கட வீட்டில ஒருத்தரும் வெறும் வயித்தில குளிசை போடுறேல்லை அக்கா. குடல் வெந்து புண்ணாப் போயிடும். இஞ்ச சாப்பாடு தரமாட்டினம் எண்டு இவர் சொன்னவர். சாப்பாடு தராமல் மருந்து குடுக்கிற ஆஸ்பத்திரியை நான் இஞ்சதான் காணுறன்.

— உம்மட்டை ஆர் கேட்டது? ஆர் இப்ப உம்மட்டைக் கேட்டது?

— ஏனப்பா கத்துறீங்கள்? நான் என்ன களவே எடுத்துத் தந்தனான்?

— அக்கா, அவ சொன்னதை எழுத வேண்டாம். அவவுக்கு ஒண்டும் தெரியாது. வைச்சுவிட்டது உண்மை, நான் தின்னேல்லை... ஏன் சிரிக்கிறீங்கள்?

— மன்னிச்சுக்கங்க. ஐயோ, மன்னிச்சுக்கங்க தம்பி. கண்ணுல தண்ணி வந்துருச்சு. குடல் புண்ணாயிருமாம்! வயித்துப் புண்ணு மாத்திரைக்கு!

— பகிடியோ?

— பகிடி இல்லீங்க, சந்தோசம். எங்க வீட்டுலயும் இதே கதைதான். நான் கெமிஸ்ட்ரியில டாக்டர் பட்டம் வாங்கியும், தலைவலி மாத்திரை போடணும்னா முதல்ல ரெண்டு பிஸ்கட் கடிச்சுட்டுத்தான் போடறேன். போடாட்டி அம்மா அடிக்க வர்ற மாதிரியே இருக்கும். மீட்டிங்ல ஒரு மேசை நெறையா ஆளுங்க உக்காந்து இந்தக் குட்டிக் குதியைப் பாத்தோம். லிஸ்ட்டுல உங்க பேரைப் பாத்தப்ப எனக்கு மட்டும் பட்டுனு தோணுச்சு. நம்ம ஆளு. கண்டிப்பா ஏதோ தின்னிருப்பாருன்னு.

— குளிசைக்கு முதல்தான் தின்ன நினைச்சனான். நேர்ஸ் விட்டு அசையேல்லை. விழுங்கின பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கிப் பாத்தவ. அவ போய்க் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு... மூக்கில குழாயோட எள்ளுருண்டை விழுங்கிறது லேசான வேலை இல்லை அக்கா.

— அரை மணி நேரம் கழிச்சு!

— அவ்வளவு இருக்கும்.

— நர்ஸம்மாவுக்கு நான் மாலை போடணும். நீங்க முதல்லயே தின்னிருந்தா ஒண்ணும் நடந்திருக்காது. சரியான நேரத்துல தின்னிருக்கீங்க. உங்களுக்கே தெரியாம!

— எனக்கு விளங்கேல்லை.

— எனக்கும்தான். எள்ளுருண்டைதான் மருந்தோ அக்கா? அப்பிடியெண்டால் நான் அனுமதி எடுத்து விக்கப்போறன்.

— இருங்க, சொல்றேன். வயித்துச் சுவத்துல கோடிக்கணக்குல செல்லு இருக்குதுங்க. ஒவ்வொண்ணுலயும் ஆசிட்டை எறைக்கற பம்பு. நம்ம சும்மா இருக்கறப்ப, காவலுக்கு ஒண்ணு ரெண்டைத் தவிர மத்ததெல்லாம் செல்லுக்குள்ள சுருண்டு படுத்துத் தூங்கும். வயித்துக்கு ஏதாச்சும் வந்தா எந்திரிச்சு சுவத்துக்கு வந்து எறைக்க ஆரம்பிக்கும்.

— அது சரி. தண்ணி தேவைப்பட்டால்தானே பம்ப் போடுறது.

— இப்ப மருந்துக்கு வர்றேன். மேல ஒரு பூச்சு பூசியிருக்கோம், அதனால வயித்துல கரையாது. குடலுக்குப் போய்க் கரைஞ்சு, ரத்தத்துல ஏறி, ரத்தத்தோடயே அந்தச் செல்லுக்குப் பின்வாசல் வழியா வந்து சேரும். அதுவரைக்கும் அது பரம சாது. ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணாது. ஆசிட்டுல பட்டாத்தான் அது உடையும். உடைஞ்ச துண்டுக்குத்தான் கொக்கி வரும். கந்தகத்துல ஒரு கொக்கி. அது பம்பை ஒருதரம் புடிச்சா அவ்வளவுதான்.

— அப்ப ஆசிட்தான் தன்ர எதிரியைத் தானே செய்து குடுக்குது.

— அதேதானுங்க! இதைப் புரிய வைக்க நான் காலேஜ் பசங்களுக்கு ஒரு மணி நேரம் படம் போட்டுக் காட்டுவேன். ஆனா ஒண்ணு. மருந்து ரத்தத்துல கொஞ்ச நேரம்தான் சுத்தும். அந்த நேரத்துல பம்பு தூங்கிட்டிருந்தா? ஆசிட் இல்லை. உடையலை. கொக்கி வரலை. ஒண்ணுக்கோட வெளிய போயிரும்.

— எங்களைப் பட்டினி போட்டபடியால் பம்ப் எல்லாம் நித்திரை.

— மாத்திரைக்கு அப்புறமும் மத்தியானம் வரைக்கும் பட்டினி. எங்க மருந்து தூங்கற பம்பையும் எழுப்பிப் புடிக்கும்னு கம்பெனியில எல்லாரும் நம்பிட்டாங்க. அதனால பட்டினி போட்டுச் சோதிச்சாங்க. மருந்து வந்து கதவைத் தட்டிப் பாத்துட்டு ஆளில்லைன்னு போயிருச்சு. உங்க வயித்துல மட்டும் எள்ளுருண்டை போய் எல்லாரையும் எழுப்பி விட்டுருச்சு. மருந்து வர்ற நேரத்துக்குச் சரியா! முன்னாடியே தின்னிருந்தா, மருந்து வர்றதுக்குள்ள எல்லாம் மறுபடி தூங்கப் போயிருக்கும்.

— சொல்லுறனே அப்பா, வெறும் வயித்தில ஒண்டும் சரிவராது எண்டு!

— நீர் கொஞ்சம் சும்மா இரும். அப்ப அக்கா, உங்கட மருந்து சாகேல்லை.

— சாகலைங்க. பசியில கெடந்திருக்கு, அவ்வளவுதான்.

— நல்ல விசயம். அப்ப நாங்கள் போயிட்டு வாறம். மேனுகா, எழும்பும்.

— தம்பி, இருங்க. இதை நீங்க அந்த டாக்டர்கிட்டச் சொல்லணுமே.

— நீங்கள் சொல்லுங்கோ. உங்களுக்குத் தெரியும்தானே.

— நான் சொன்னா செல்லாது. முழுங்கினவர் சொல்லணும். அவரு எழுதிக்குவாரு. நாளைக்கு மீட்டிங்ல அதை வெச்சுத்தான் நான் வாயைத் தொறக்க முடியும். ஒரே ஒரு ரவுண்டு, சாப்பாட்டோட சேத்து இன்னொரு தடவை சோதிச்சுப் பாக்க விடுங்கன்னு கேக்கப் போறேன். அது கெடைச்சாப் போதும்.

— ஏலாது அக்கா.

— ஏனுங்க?

— நான் கதையை மாத்த மாட்டன்.

— இது கதையை மாத்தறது இல்லையே...

— உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பிளேனில வந்திருப்பீங்கள். நான் போட்டில வந்தனான். கடல்ல பிடிச்சு ஒரு தீவு முகாமில இறக்கின உடன வீசாக்காரர் ஒரு இன்ரவியூ வைச்சவை. அண்ணன்மார் எத்தினை பேர் எண்டு கேட்டவை. ஒராள் எண்டனான். மற்ற அண்ணனைப் பற்றி ஒருத்தரிட்டையும் வாய் திறக்காதை, அவன் காணாமல் போனதைச் சொன்னால் உன்னையும் பிடிப்பாங்கள் எண்டு அம்மா சொல்லி அனுப்பினவ. பிறகு ரெண்டாவது இன்ரவியூவில, மொழிபெயர்க்கிற மனுசன் நல்லாக் கதைச்சார். பயம் கொஞ்சம் தெளிஞ்சுது. ரெண்டு அண்ணன்மார் எண்டு உண்மையைச் சொன்னன். ரெண்டு பேப்பரையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்திட்டு, இவன் பொய்யன் எண்டு எழுதிப்போட்டினம். உண்மையைச் சொன்ன நாளிலதான் அக்கா நான் பொய்யன் ஆனனான். அந்த ஒரு வசனம் எங்க போனாலும் எனக்கு முன்னால வந்து நிண்டுது. வருசக்கணக்கா. இவவைக் கூப்பிட ஏலேல்லை. அம்மாவின்ர செத்த வீட்டுக்குப் போக ஏலேல்லை. போன வருசம்தான் நிரந்தர வீசா தந்தவை. இப்ப சிற்றிசனுக்குப் போட்டிருக்கிறன். இந்த நேரத்தில திரும்பவும் ஒரு பேப்பரில, முதல் ஒண்டு சொன்னான், பிறகு இன்னொண்டு சொன்னான் எண்டு எழுதுறதோ? எள்ளுருண்டைக்காகவோ?

— நான் வைச்சுவிட்டிருக்கக் கூடாது.

— நீர் என்ன செய்வீர். நான்தானே திண்டனான்.

— தம்பி, ஒண்ணு சொல்லட்டுங்களா? இங்க சொல்றது எதுவும் வீசா ஆபீசுக்குப் போகாது. சட்டமே அனுப்பக் கூடாதுங்குது. என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்க கையெழுத்துப் போட்டீங்களே அதுலயே இருக்கு. தின்னுட்டேன்னு அப்புறமாச் சொல்றவங்க உங்களுக்கு முன்னாடியும் இருந்திருக்காங்க. என்ன, இந்த எடத்துல அடுத்த சோதனைக்குக் கொஞ்ச நாள் கூப்பிட மாட்டாங்க.

— கூப்பிட்டாலும் நான் விடமாட்டன் அக்கா. மூக்கில குழாய் போட்ட படத்தைப் பாத்தே எனக்கு அழுகை வந்தது. பலகை அறுக்கிற வேலையில லீவு எடுத்துக்கொண்டு இதுக்குப் போனவர்.

— சட்டம் எனக்கும் தெரியும். சட்டம் ஒருபக்கம், என்ர பயம் ஒருபக்கம்.

— புரியுதுங்க. சரி, நான் வற்புறுத்தலை. என் பங்கையும் சொல்லிட்டுப் போயிடறேன். எனக்கு ஒரு அண்ணன். சங்ககிரியில லாரி ஓட்டறாரு. எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு லாரி. கியருக்குப் பக்கத்துல எப்பவும் ஒரு ரோஸ் கலர் மருந்து பாட்டில் இருக்கும், தாகத்துக்குத் தண்ணி குடிக்கற மாதிரி குடிப்பாரு. வயித்துப் புண்ணு வலி வர்றது ராத்திரியில. வண்டி ஓட்டிட்டிருக்கறப்ப. இப்பக் கடையில கெடைக்கற மாத்திரையெல்லாம் பகல்ல நல்லா வேலை செய்யும், ராத்திரி கொஞ்சம் விட்டுக் குடுத்துரும். ஒருக்கா நாக்பூர் பக்கம் ரோட்டோரமா ரத்தமா வாந்தி எடுத்துட்டாரு. கிளீனர் பையன் பக்கத்து ஆஸ்பத்திரியில சேத்துக் காப்பாத்துனான். ராத்திரி முழுக்கப் புடிச்சு வெச்சிருக்கற கொக்கி ஒண்ணு செய்யணும்னு அன்னைக்குத்தான் நெனைச்சேன். உங்க கோடு ராத்திரியிலயும் எறங்கலை தம்பி. முதமுதலா ஒரு மனுசன் வயித்துல என் மருந்து ராத்திரி முழுக்க முழிச்சிருந்திருக்கு. அதைப் பாத்தப்ப எனக்கு உக்காந்து அழணும் போல இருந்துச்சு.

— அண்ணை இப்பவும் லொறி ஓடுறாரோ?

— ஓட்டறாரு. சொன்னாக் கேக்கற சாதியா?

— இஞ்சேரப்பா.

— தெரியும் மேனுகா. சொல்லாதையும்.

— நான் ஒண்டும் சொல்லேல்லையே.

— நீர் பாக்கிற பார்வை காணும்... சரி. அக்கா, அந்த வெள்ளையனைக் கூப்பிடுங்கோ. நான் சொல்லுறன். திண்டனான் எண்டு என்ர வாயால சொல்லுறன். இந்தமுறை உண்மையைச் சொல்லி என்னதான் நடக்குது எண்டு பாப்பம்.

— தம்பி...

— கெதியாக் கூப்பிடுங்கோ. மனம் மாறிடும்.

— கூப்பிடறேன். ஆனா அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணை மறைக்கக் கூடாது. மறைச்சா நாளைக்கு நீங்க என்னைத் திட்டுவீங்க.

— என்ன?

— நீங்க சொன்னதும் எனக்கு ரவுண்டு கெடைச்சுரும்னு நான் சொல்ல முடியாது. எங்க டைரக்டரம்மா கெட்டிக்காரி. முதல் கேள்வியே இதைத்தான் கேப்பாங்க: ஒரு தடவை ஒளிச்சுத் தின்ன ஆளு, அன்னைக்கு முழுக்க ஒளிச்சு ஒளிச்சுத் தின்னிருக்க மாட்டாருன்னு என்ன நிச்சயம்? வயித்துல எப்பவும் ஏதாச்சும் கெடந்தாலே கோடு மேல நிக்குமே. இது மருந்தோட கோடா, தீனியோட கோடான்னு கேப்பாங்க.

— அப்ப நான் ஒருக்காச் சொன்னது பொய்யெண்டால், மிச்சம் எல்லாம் பொய்.

— நான் அப்படிச் சொல்லலை தம்பி. அவங்க கேப்பாங்க.

— ஓம். அப்பிடித்தான் கேப்பினம். எனக்குப் பழக்கம்.

— ஒரு உருண்டைதான் வைச்சனான் அக்கா! எங்கட தேசிக்காய், உங்கட எலுமிச்சம்பழம், அதைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். நான் வந்து சொல்லட்டோ?

— நீங்க வெச்சு விட்டீங்கன்னு சொல்லலாம். உள்ள என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களே. அவங்களுக்கு வாயடைக்கற மாதிரி பதில் சொல்லணும்னா ஒண்ணே ஒண்ணுதான் வழி. மருந்தே இல்லாம வெறும் மாப்பொடி அடைச்ச மாத்திரையை முழுங்கினாங்களே சில பேரு, அதுல ஒருத்தர் இதே உருண்டையை இதே நேரத்துக்குத் தின்னிருந்து, அவரு கோடு ஒரு குதி குதிச்சுட்டுக் கீழயே கெடந்திருக்கணும். அப்ப உருண்டையினால இல்லை, மருந்தினாலதான்னு ஆகிரும். அப்படி ஒருத்தருக்கு நான் எங்க போறது? மாப்பொடிக்காரங்க கோட்டையெல்லாம் ஒண்ணாப் போட்டுச் சராசரி எடுத்து வெச்சுட்டாங்க. தனித்தனியா யாரும் பிரிச்சுக்கூடப் பாக்கலை. சாட்சிக்கு ஆளில்லை தம்பி.

— சாட்சி.

— ஆமாங்க.

— வீசாக்காரரும் இதைத்தான் கேட்டவை. நீ சொல்லுறதுக்கு ஆரும் சாட்சி இருக்கினமோ எண்டு. அப்ப எனக்கு ஒருத்தரும் இருக்கேல்லை... அக்கா, ஒரு நிமிசம். நான் வெளியில போய் ஒரு போன் கோல் எடுத்துப்போட்டு வாறன்.

— இஞ்சேரப்பா, ஆருக்கு? எங்க போறீங்கள்?

— இரும் மேனுகா. வாறன்.

— போயிட்டாரே. நான் கடைசியில அதைச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. மனசைத் தேத்திக்கிட்டு வந்த மனுசனை மறுபடியும் பொய்யனாக்கிட்டேன்.

— இல்லை அக்கா. அவர் வருவார்.

— வரலைன்னாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன். நீங்க அவர்கிட்டச் சொல்லுங்க. அவரு சொன்னதே பெரிய விசயம். நாளைக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், எனக்குத் தெரிஞ்சுருச்சு. மருந்து வேலை செய்யுது.

— அது உங்களுக்கு மட்டும் தெரிஞ்சால் காணுமோ? உங்கட அண்ணைக்கெல்லோ தெரியோணும். அவர் வருவார். எனக்காக எவ்வளவு காலம் காத்திருந்த மனுசன் தெரியுமே? கலியாணம் பேசி முடிச்ச கையோட போட் ஏறினவர். எங்கட வீட்டில எல்லாரும் சொன்னவை, அவன் கூப்பிடமாட்டான், வேறை ஆளைப் பார் எண்டு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோல் எடுப்பார். எடுத்து ஒண்டும் கதைக்க மாட்டார், என்ன சமையல் எண்டு மட்டும் கேப்பார். நான் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு இருப்பார். அவ்வளவுதான்.

— பேச்சுக் கம்மியான ஆளு.

— கதைச்சால் பிழைச்சிடும் எண்ட பயம். இண்டைக்குத்தான் ஒரு வெளி ஆளிட்டை இவ்வளவு கதைச்சதை நான் காணுறன். அந்த அண்ணன்ர கதையை எனக்கே கலியாணத்துக்குப் பிறகுதான் சொன்னவர்.

— அந்த அண்ணனைப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?

— இல்லை அக்கா. எள்ளுருண்டை அவருக்குத்தான் விருப்பமாம். அதாலதான் இவரும்... கதவு திறக்குது. பாத்தீங்களே? நான் சொன்னனான்.

— வாங்க தம்பி. உக்காருங்க. மூச்சு வாங்குது உங்களுக்கு. தண்ணி குடிக்கறீங்களா?

— வேண்டாம் அக்கா. இப்ப நீங்கள் பேனையைத் திறக்கலாம்.

— யாருக்குங்க போன் பண்ணினீங்க?

— மற்ற ஆளின்ர பேரை அவரைக் கேக்காமல் சொல்ல எனக்கு மனமில்லை, அதுதான் கேட்டிட்டு வந்தனான். வாறாராம், வந்து தானே சொல்லுறாராம். பக்கத்துக் கட்டில் கிரண், உங்கட கோயம்புத்தூர்க்காரர். அவர் விழுங்கினது வெறும் மாப்பொடி எண்டு போன கிழமைதான் அவருக்குச் சொன்னவையாம். பாத்துக்கொண்டு கிடக்கிற மனுசனை விட்டிட்டுத் தனியத் திண்டு எனக்குப் பழக்கமில்லை அக்கா, அந்த உருண்டையில சரிபாதி அதே நேரத்தில அவர்தான் திண்டவர்.